மருந்தைத் தேடி அலைய வேண்டியது யார்?

2021 ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கரோனா சிகிச்சைக்கான ரெம்டெசிவிர் மருந்தின் அரசு விற்பனை தொடங்கியது. மருத்துவரின் சீட்டு, ஆர்டிபிசிஆர் முடிவு, சி.டி. ஸ்கேன் அறிக்கை, ஆதார் நகல் ஆகியவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தனியார் மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்களின் பிள்ளைகளும் உறவினர்களும் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். கூட்டம் சேராதீர்கள் என்று சொன்ன அரசே அந்தக் கூட்டத்துக்கும் காரணமானது. மே மாத நடுவில் விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டது. கூட்டமும் அங்கே போனது. பிறகுதான் அரசு வேறொரு முடிவெடுத்தது. இனி உறவினர்களுக்கு மருந்து விற்கப்படாது. தேவைப்படும் மருத்துவமனை நோயாளியின் விவரங்களை இணையத்தில் பதிய வேண்டும். ஒதுக்கப்படும் மருந்தை மருத்துவமனையின் பிரதிநிதியே வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். மே 18 முதல் இது நடைமுறைக்கு வந்தது. வரிசை கலைந்தது.

ஒரே நாளில் மருந்தின் இருப்பு பெருகிவிடவில்லை. தேடும் வேலை உறவினரிடமிருந்து மருத்துவமனைக்குக் கைமாறியது, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த கரோனா நோயாளிகளின் உயிரிழப்பை ரெம்டெசிவிர் குறைப்பதாகத் தெரியவில்லை என்று கூறி, அதைப் பயன்படுத்த வேண்டாம் என 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. ஆனாலும் சீட்டுகள் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தன. எழுதுபவர் ஒருவர், அலைபவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை எழுதும் கைக்குத் தயக்கம் வராது. தானே கேட்டு வாங்க வேண்டும், கேட்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்னும்போதுதான், ‘இது உண்மையிலேயே தேவையா?’ என்ற கேள்வி எழுகிறது.

பெருந்தொற்று போனதும் அந்தப் பாடமும் போய்விட்டது. அரசு மருத்துவமனை வார்டுகளில் இன்றும், “இந்த ஒரு ஊசி மட்டும் ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிட்டு வந்துடுங்க” என்று துண்டுச் சீட்டு நீட்டப்படுவதை நாம் பார்க்கிறோம். அந்தச் சீட்டில் பெரும்பாலும் மருத்துவமனையின் முத்திரை இருக்காது, எழுதியவர் பெயர் இருக்காது, ஏன் வெளியே வாங்கச் சொல்கிறார்கள் என்ற காரணமும் இருக்காது. எந்தப் பதிவேட்டிலும் அதற்கு நகல் கிடையாது. ஆகவே அரசின் கணக்கில் அப்படியொரு தட்டுப்பாடே நடக்கவில்லை.

தனியார் மருத்துவமனைகளில் கதை தலைகீழ். அங்கே வெளியிலிருந்து மருந்து வாங்கி வரக் கூடாது. உள்ளே இருக்கும் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும். நோயாளி ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவரும் மாத்திரை அங்கே இல்லையென்றால், கையோடு கொண்டுவந்த அட்டையைப் பயன்படுத்தவும் அனுமதி கிடைப்பது கடினம். மருத்துவமனை மருந்தகத்திலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்த வழக்கில், கொள்கை வகுக்க வேண்டியது மாநில அரசுகளே என்று கூறி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஓரிடத்தில் ‘வெளியே போ’ என்கிறார்கள். இன்னோரிடத்தில் ‘வெளியே போகாதே’ என்கிறார்கள். இரண்டு இடங்களிலும் மருந்து இல்லாததன் சுமை நோயாளியின் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

மருத்துவமனையில் சேர்ந்துவிட்ட ஒருவருக்கு உரிய மருந்து இல்லையென்றால், அதைத் தேடுவதும், தகுந்த மாற்றைத் தீர்மானிப்பதும், நடந்ததைப் பதிவுசெய்வதும், நோயாளிக்குச் சொல்வதும் மருத்துவமனையின் கடமை. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். எளிமையான இந்தக் கடமை எழுத்தில் வராததால் விளையும் கேடு சாதாரணமானதல்ல.

கிடங்கு வரை வந்த பெருமை

மருந்து வாங்கி விநியோகிப்பதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 1994-ல் நிறுவப்பட்டு, 1995 முதல் மருந்து விநியோகத்தில் இறங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே முன்மாதிரி. அதற்கு முன்பு ஒவ்வொரு துறையும் தனித்தனியாக மருந்து வாங்கிக்கொண்டிருந்தது. கழகம் வந்தபின் ஒரே ஒப்பந்தப்புள்ளி, ஒரே அத்தியாவசிய மருந்துப் பட்டியல், மாவட்டக் கிடங்குகள், கணினியில் இருப்புக் கணக்கு என்று நிலைமை மாறியது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து ரகசிய எண்ணிட்டு, மருந்து மாதிரிகள் ஆய்வகங்களுக்குப் போகின்றன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டு ஒதுக்கீட்டுத் தொகை அதில் வரவாகும். எடுக்கும் மருந்தின் மதிப்பு கழிக்கப்படும். தலைமையகம் தள்ளிவிடும் மருந்தை வாங்கி அடுக்கிவைப்பதற்குப் பதிலாக, தேவையானதை மருத்துவமனையே கேட்டு வாங்கும் ஏற்பாடு இது. கேரளம் 2007-லும் ராஜஸ்தான் 2011-லும் இதே வழியில் தங்கள் கழகங்களைத் தொடங்கின.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்தை மக்களிடம் சேர்ப்பதில் இந்த மாநிலத்துக்கு அக்கறை இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால், கழகத்தின் கண்காணிப்பு மாவட்டக் கிடங்கு வரை எவ்வளவு கறாராக இருக்கிறதோ, கிடங்கிலிருந்து கட்டில் வரையிலான தூரத்தில் அவ்வளவு தளர்ந்துவிடுகிறது. வார்டில் மருந்து இல்லாமல் போவது மூன்று விதமாக நடக்கலாம். முதலாவது, மருந்து பட்டியலிலேயே இல்லை. சிறப்பு மருத்துவர் எழுதும் ஒரு புதிய மருந்தாக இருக்கலாம். இரண்டாவது, பட்டியலில் உண்டு, ஆனால் நிறுவனம் அனுப்பவில்லை, அல்லது தரப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறது. மூன்றாவது, மருந்து கிடங்கில் இருக்கிறது, ஏன், அதே வளாகத்து மருந்தகத்திலேயே இருக்கிறது. தேவைப் பட்டியல் (இன்டென்ட்) போடப்படவில்லை, அல்லது ஞாயிற்றுக்கிழமை இரவில் பூட்டைத் திறக்க மருந்தாளுநர் இல்லை. முதலாவதற்கு மருத்துவர்கள் கூடிப் பேசிப் பட்டியலைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்கு உள்ளூர்க் கொள்முதல் வேண்டும். மூன்றாவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மூன்றுக்கும் சேர்த்து இப்போது நம்மிடம் இருக்கும் ஒரே மருந்து அந்தத் துண்டுச் சீட்டுதான்.

ஒரு வேளை தவறினால்

‘ஒரு நாள் மருந்து இல்லாவிட்டால் என்ன, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. சில மருந்துகளுக்கு அது சரி. வைட்டமின் மாத்திரை இரண்டு நாள் தள்ளிப்போனால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால், வேறு சில மருந்துகளில் மணிக்கணக்கே உயிர்க்கணக்கு.

பார்க்கின்சன் நோயுள்ள ஒரு முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சாப்பிடும் லெவோடோபா எலும்பு முறிவு வார்டில் இல்லை. இரண்டு மூன்று வேளை தவறினால் போதும், உடல் விறைத்துப்போகும். விழுங்க முடியாமல் போகும். உணவோ எச்சிலோ நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். திடீரென நின்றுபோனால் கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தான நிலையும் உருவாகலாம். எலும்பு கூடியும் மனிதர் எழுந்து நடக்க மாட்டார். வலிப்பு நோய் மாத்திரை நின்றால் வலிப்பு திரும்பும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அது திடீரென நின்றால் ரத்த அழுத்தம் சரியும். மனச்சிதைவுக்குத் தரப்படும் க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் தவறிவிட்டால், பழைய அளவை அப்படியே மறுபடி கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். நான்கு நாள் கழித்துக் கடையில் கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு வாங்கி வந்து முழு அளவையும் கொடுப்பது புதிய ஆபத்து.

பிரிட்டனில் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2010 பிப்ரவரியில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2006 செப்டம்பர் முதல் 2009 ஜூன் வரை, மருந்து விடுபட்டதாலோ தாமதமானதாலோ 27 மரணங்களும் 68 கடுமையான பாதிப்புகளும் நேர்ந்ததாகத் தனக்கு வந்த அறிக்கைகளை அது எண்ணிக் காட்டியது. அதோடு நிற்காமல், தாமதிக்கவே கூடாத மருந்துகளின் பட்டியலை ஒவ்வொரு மருத்துவமனையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பணித்தது. அவர்களால் எண்ண முடிந்ததற்குக் காரணம், விடுபட்ட வேளைகளை அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். நம் மருத்துவமனைகளில் மருந்து அட்டவணையின் அந்தக் கட்டம் காலியாகவே இருந்துவிடுகிறது. காலிக் கட்டத்தை யாரும் எண்ணுவதில்லை.

தவறிய வேளையின் கேடு ஒரு நோயாளியோடு முடியாத நோய்களும் உண்டு. காசநோய் மருந்து விட்டு விட்டுக் கிடைத்தால் கிருமி எதிர்ப்புத் திறன் பெறும். பிறகு அதே கிருமி அடுத்த வீட்டுக்காரருக்கும் பரவும். 2024 மார்ச்சில் மத்திய காசநோய்ப் பிரிவு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மருந்து விநியோகம் தாமதமாகலாம், மூன்று மாதத்துக்கான மருந்தை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் முடியாத இடத்தில் நோயாளி சொந்தச் செலவில் வாங்கிக்கொண்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது அதன் சாரம். தினக்கூலிக்குப் போகும் காசநோயாளி முதலில் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். பிறகு ரசீதோடு அலுவலகத்துக்கு அலைய வேண்டும். காசநோய் ஏழைகளையே அதிகம் தாக்குகிறது என்பதை அறிந்த துறையே எழுதிய கடிதம் இது.

இதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் முன்பு, 2022 ஜூலையில், எச்ஐவி மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்திலேயே நோயாளிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 40 நாட்களுக்கு மேல் அது நீடித்தது. ஒரு மாத மாத்திரைக்குப் பதில் சில நாட்களுக்கான மாத்திரையை மட்டும் தருவது இத்தகைய நேரங்களில் எல்லா இடத்திலும் நடக்கும் சமாளிப்பு. பதிவேட்டில் ‘மருந்து வழங்கப்பட்டது’ என்றுதான் இருக்கும். பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

‘அதே மருந்துதான், வேற கம்பெனி’

மருந்து இல்லாதபோது மாற்று மருந்து தருவது நியாயமான வழி. அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. துண்டுச் சீட்டோடு பெரியாஸ்பத்திரி எதிரே இருக்கும் கடைக்கு ஓடும் உறவினரிடம், “அது இல்லை, இது அதே மருந்துதான், வேற கம்பெனி” என்று சொல்லி ஒரு பெட்டி நீட்டப்படும். அவர் அதை வாங்கி வருவார். மருந்து விதிகள் 1945-ன்படி, அட்டவணை ‘எச்’, ‘எக்ஸ்’ மருந்துகளுக்கான சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மருந்து அதுவேயானாலும்கூட. விதி இப்படியிருக்க, இரவு பதினோரு மணிக்கு, அவசரத்தில், கடையில் நிற்கும் பணியாளர்தான் நம் நாட்டில் மாற்று மருந்தைத் தீர்மானிக்கிறார்.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. முதலாவதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. வார்டில் வழக்கமாக இருப்பது 40 யூனிட் குப்பியும் அதற்கான சிரிஞ்சும். இருப்பு தீர்ந்து, வெளியே வாங்கி வந்தது 100 யூனிட் குப்பி என்றால்? சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி நோயாளி நினைவிழக்கலாம். கடைக்காரர் கொடுத்தது இன்சுலின்தான்; உறவினர் வாங்கி வந்தது இன்சுலின்தான்; செவிலியர் போட்டதும் எழுதியிருந்த அளவுதான். தனித்தனியே பார்த்தால் யாரிடமும் பிழை காண முடியாது. இதே இன்சுலின் சித்திரை வெயிலில் பாலிதீன் பையில் தொங்கியபடி வந்து சேர்ந்தால், 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்தின் வீரியத்துக்கு யார் பொறுப்பு?

மருத்துவரே தீர்மானித்த மாற்றிலும் ஆபத்து உண்டு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. ரத்தத்தில் கிருமி கலந்து அழுத்தம் சரிந்த நோயாளிகளுக்கு முதலில் தரப்படும் நார்எபிநெஃப்ரின் மருந்துக்கு 2011-ல் அங்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. பல மருத்துவமனைகள் வேறு மருந்துக்கு மாறின. தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அத்தகைய நோயாளிகளின் இறப்பு விகிதம் 39.6 சதவீதமாகவும், மற்ற காலத்தில் 35.9 சதவீதமாகவும் இருந்ததாக 2017-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. தட்டுப்பாடுதான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவில், நிபுணர்கள் கண்ணெதிரே நடந்த மாற்றத்திலேயே இவ்வளவு வேறுபாடு தெரியும்போது, தெருமுனைக் கடையில் நடக்கும் மாற்றத்தின் விளைவை நினைத்துப் பாருங்கள்.

மருந்து எங்கே போகிறது?

மருத்துவமனையை மட்டும் குறை சொல்லி ஒதுங்கிவிட முடியாது. மருந்தே சந்தைக்கு வராத நேரங்கள் உண்டு. அதற்கு முக்கியமான காரணம் பலரும் எதிர்பார்க்காதது: விலை மிகவும் குறைவாக இருப்பது. பழைய, காப்புரிமை முடிந்த, உயிர்காக்கும் மருந்துகளுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. நோயாளிக்கு நல்லதுதான். ஆனால், மூலப்பொருள் விலை ஏறும்போது தயாரிப்பாளர் ஓசையின்றி உற்பத்தியைக் குறைத்துவிடுகிறார். 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்தியது. அவற்றில் பென்சில் பெனிசிலின், அட்ரோபின், ஸ்ட்ரெப்டோமைசின், மனநலத்துக்கான லித்தியம், தலசீமியா குழந்தைகளின் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் ஆகியவை அடங்கும். 2019-லும் 21 மருந்துகளுக்கு இப்படிச் செய்தார்கள். ‘விலை ஏறிவிட்டது’ என்ற தலைப்பில் செய்தி வந்தது. கிடைக்காத மலிவு மருந்தைவிடக் கிடைக்கிற மருந்து மேல் என்ற நியாயம் அந்தச் செய்தியில் அமுங்கிப்போனது.

இன்னொரு காரணம், உற்பத்தி ஓரிடத்தில் குவிந்திருப்பது. குஜராத்தில் ஒரு தொழிற்சாலையில் 2022 இறுதியில் அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட்டுக் குறைகளைக் கண்டார்கள். அங்கே உற்பத்தி நின்றதும் அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. நம் மாநிலத்திலும் இதற்கு முன்னோட்டம் உண்டு. 2008-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பிசிஜி ஆய்வகம், இமாச்சலத்தின் கசௌலி நிறுவனம் ஆகிய மூன்று அரசு தடுப்பூசி நிறுவனங்களின் உரிமங்கள் ஒரே நேரத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. இரண்டாண்டு கழித்துத்தான் திரும்பக் கிடைத்தன. தரத்தில் குறையிருந்தால் திருத்தத்தான் வேண்டும். ஆனால், மாற்று ஏற்பாடு இல்லாமல் மூன்றையும் மூடியதால் நாடு தனியார் தடுப்பூசிகளையே நம்ப வேண்டியதாயிற்று.

தட்டுப்பாடு முற்றினால் என்ன ஆகும் என்பதை அறியத் தொலைவுக்குப் போக வேண்டாம். 2022 மார்ச்சில் இலங்கையின் பேராதனை போதனா மருத்துவமனையில் மருந்து இல்லாததால் வழக்கமான அறுவை சிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டன. மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு. கையில் அந்நியச் செலாவணி இல்லை. அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு அரிசி, பால்பவுடரோடு 137 வகை மருந்துகளையும் அனுப்ப முன்வந்தது. நெருக்கடியின் அவசரத்தில் செய்யப்பட்ட கொள்முதல்கள் அங்கே பிறகு வேறு விபரீதங்களுக்கு இட்டுச் சென்றன. தரமற்ற இம்யூனோகுளோபுலின் வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பிப்ரவரியில் கைதானார். தட்டுப்பாட்டு நாட்களில் கெட்ட மருந்து உள்ளே நுழையும் வழியும் அகலமாகிவிடும் என்பது நமக்கும் எச்சரிக்கை.

மருத்துவர்களின் பதில்

“அறுபது கட்டில் வார்டில் இரவுப் பணியில் ஒரு மருத்துவர். ஊசி இல்லை என்றால் அவர் என்ன செய்வார்? நோயாளி பிழைக்க வேண்டும் என்றுதான் வெளியே எழுதிக் கொடுக்கிறார்” என்று மருத்துவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் விசாரணை, கொடுக்காவிட்டால் மரணம். இந்த இரண்டுக்கும் நடுவில் பணி மருத்துவரும் செவிலியரும் மாட்டிக்கொள்கிறார்கள். நடைமுறை எழுத்தில் இல்லாத இடத்தில் கடைநிலை ஊழியர்தான் எப்போதும் குற்றவாளி ஆவார். எனவே, நான் கேட்கும் மாற்றம் அவர்களுக்கு எதிரானது அல்ல. அவர்களுக்கும் கவசம் அதுதான்.

“நிதி எங்கே?” என்பது அடுத்த கேள்வி. மருத்துவமனைகளின் மருந்து ஒதுக்கீட்டில் பெரும்பகுதி கழகத்துக்குப் போனாலும், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை உள்ளூர்க் கொள்முதலுக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பணத்தைவிடவும், அதைச் செலவழிக்கும் அதிகாரம் இரவில் யாரிடம் இருக்கிறது என்பதுதான் சிக்கல். மேலும், அரசு செலவிடாவிட்டால் அந்தச் செலவு காணாமல் போய்விடுவதில்லை. குடும்பத்தின் கைக்காசாக மாறுகிறது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தது. நிதி இல்லை என்பதைக் காரணம் காட்டி அவசர சிகிச்சைக் கடமையிலிருந்து அரசு விலக முடியாது என்று மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியவை

முதலில், தவறவே கூடாத மருந்துகள் எவை என்று ஒரு பக்கப் பட்டியல் ஒவ்வொரு வார்டிலும் ஒட்டப்பட வேண்டும். இன்சுலின், வலிப்பு மருந்துகள், பார்க்கின்சன் மருந்துகள், ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸ், ரத்தம் உறையாமல் தடுப்பவை, ஸ்டீராய்டு, மாற்று உறுப்பு பெற்றவர்களின் மருந்துகள், மனநல மருந்துகள், காசநோய், எச்ஐவி மருந்துகள் அதில் இருக்கும். இவற்றில் ஒன்று இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் பணி மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் தகவல் போக வேண்டும். மற்றவற்றுக்கு அடுத்த நாள் காலை வரை அவகாசம் கொடுக்கலாம். பெரிய மருத்துவமனைகளில் 24 மணி நேரமும் மருந்தாளுநர் இல்லாமல் இது நடக்காது.

இரண்டாவது, வழக்கமாகத் தீர்ந்துபோகும் மருந்துகளுக்கு மாற்று எது, அளவு எவ்வளவு, யாருக்குத் தரக் கூடாது என்பதை மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பிரிட்டனில் 2019 முதல், கடும் தட்டுப்பாடு உள்ள குறிப்பிட்ட மருந்துக்கு எந்த மாற்றை எவ்வளவு தரலாம் என்று அரசே நெறிமுறை வெளியிடுகிறது. மருந்தாளுநர் அதன்படி நடக்கிறார். நம் மருத்துவப் பணிகள் கழகமும், ஒரு மருந்து வராது என்று தெரிந்த அன்றே மாற்றுக் குறிப்போடு எல்லா மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பலாம்.

மூன்றாவது, வாங்கும் வேலை. பக்கத்து மருத்துவமனையில் உபரியாக இருப்பதைக் கணினியில் பார்த்துக் கடன் வாங்கும் வசதி வேண்டும். அதுவும் இல்லையென்றால், முன்பே ஒப்பந்தம் செய்த உள்ளூர் மருந்தகத்திலிருந்து மருத்துவமனையின் கணக்கில், மருத்துவமனையின் ஊழியரே வாங்கி வர வேண்டும். இரவில் ஒரு வரம்புத் தொகை வரை பணி மருத்துவரே ஒப்புதல் தரலாம் என்று அதிகாரம் பகிரப்பட வேண்டும்.

நான்காவது, நோயாளியின் சொந்த மருந்து. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையின் பெயர், அளவு, காலாவதித் தேதி பார்த்து, மருந்தாளுநர் சரி என்று குறித்தபின் அதையே வார்டில் கொடுக்கலாம். மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்த வேண்டும். ‘உள்ளேதான் வாங்க வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தும் மருத்துவமனை, உள்ளே இல்லாத மருந்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

ஐந்தாவதும் முதன்மையானதும், கணக்கு. வெளியே எழுதும் ஒவ்வொரு சீட்டும் எண்ணிட்ட படிவத்தில், காரணத்தோடு, எழுதியவர் பெயரோடு, நகலோடு இருக்க வேண்டும். மாதக் கடைசியில் எந்த மருந்துக்கு எத்தனை சீட்டு என்ற கணக்கை மருத்துவமனை வாரியாக வெளியிட வேண்டும். விலை உச்சவரம்புப் பட்டியலில் உள்ள மருந்தை நிரந்தரமாக நிறுத்த நினைக்கும் தயாரிப்பாளர் ஆறு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. தற்காலிகத் தட்டுப்பாட்டையும் முன்கூட்டியே அறிவிக்கும்படி மத்திய அரசு அதை விரிவாக்க வேண்டும். மருத்துவமனைகளின் மாதக் கணக்கு கையில் இருந்தால், எந்த நிறுவனம் எதை அனுப்பவில்லை என்று கேட்கும் பலம் மாநிலத்துக்கும் கிடைக்கும்.

இதெல்லாம் நடக்கும்வரை மக்களும் சிலவற்றைச் செய்துகொள்ளலாம். மருத்துவமனைக்குப் போகும்போது வழக்கமான மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோனால் யாராலும் அடையாளம் காண முடியாது. வெளியே வாங்கச் சொன்னால், சண்டை போடாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த நேரத்துக்குள் வேண்டும்? இதற்கு மாற்று மருத்துவமனையிலேயே உண்டா? கடையில் வேறு தயாரிப்பு கொடுத்தால் வாங்கலாமா? வாங்கிய மருந்தைச் செவிலியரிடம் கொடுக்கும் முன், சீட்டில் உள்ள பெயரும் அளவும் பெட்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று அவர்களோடு சேர்ந்தே பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மருந்து இல்லாமல் போவதை எந்த அரசாலும் முழுவதும் தடுக்க முடியாது. செல்வமும் தொழில்நுட்பமும் உள்ள நாடுகளிலும் மருந்து தீர்ந்துபோகிறது. தீர்ந்துபோன அந்த நேரத்தில் யார் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. 2021 மே மாதத்தில் ரெம்டெசிவிர் விஷயத்தில் மாநில அரசு சில நாட்களில் எடுத்த முடிவு அது. தனியார் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்திய அந்த விதியைத் தன் சொந்த மருத்துவமனைகளுக்கும், எல்லா மருந்துகளுக்கும் அரசு விரிவாக்க வேண்டும். வெளியே எழுதும் சீட்டுக்கு எண் போட வேண்டும் என்ற ஓர் அரசாணையிலிருந்து, மக்கள் நல்வாழ்வுத் துறை இதைத் தொடங்கட்டும்.